ஓர்மோன் ஆசிரியரின் அறுபதாம் வயதுப் பக்கம்

"சிர்கா அந்த ஓர்மோன் வீட்டுக்கு மருமகளாப் போறாளாம், தெரியுமா பைகே?"

சந்தையில் ரொட்டி விற்கிற பெண்தான் எனக்குச் சொன்னாள். அவளுக்குச் சொன்னது ஓர்மோன் ஆசிரியராக இருக்கிற வாரப் பத்திரிகையின் அலுவலகத்துக்கு எதிரே செருப்புத் தைக்கிறவர். மூத்த ஆணை அண்ணன் முறையில் பைகே என்றும், மூத்த பெண்ணை அக்கா முறையில் எஜே என்றும் கூப்பிடுவது இங்கே வழக்கம். நான் வேற்று நாட்டான் என்றாலும் அந்த மரியாதை எனக்கும் உண்டு. வம்பும் அதே மரியாதையோடு வந்து சேரும்.

"யாரு பார்த்தா?" என்றேன்.

"பார்க்கணுமா என்ன? இல்லாட்டி எதுக்கு அவ அங்க போய் உட்கார்றா? அவ அப்பனை முழுங்கின பத்திரிகை. ஓர்மோனோட சின்னவன் சுங்கத்துல இருக்கான். நீங்களே சேர்த்துப் பார்த்துக்கோங்க."

சேர்த்துப் பார்க்கத் தேவையே இல்லை. சிர்காவை அவள் பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து தெரியும். எங்கள் கட்டடத்தில் அவர்கள் மூன்றாம் மாடி, நான் இரண்டாவது. சின்ன வயதில் பக்கத்துக் கட்டடத்துப் பையன் ஒருவன் அவளுடைய சறுக்கு வண்டியை உடைத்துவிட்டான். அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. குளிர்காலம் போய், கோடை போய், அடுத்த ஆண்டின் முதல் பனி விழுந்த காலையில் அந்தப் பையனின் வண்டி எங்கள் கூரை ஆன்டெனாவில் தொங்கியது. எப்படி ஏற்றினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்டவள் ஓர்மோனுக்கு மருமகளாகப் போகிறாள் என்று கேட்டபோது, எனக்கு ஓர்மோனை நினைத்துத்தான் பயம் வந்தது.

அவள் அப்பா மெதெர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஐந்து குளிர்காலங்களுக்கு முன் கணவாய் இறக்கத்தில் அந்தப் பேருந்து சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. பிள்ளைகள் தப்பித்தார்கள், ஒரு பையனுக்கு மட்டும் கை முறிந்தது. டயர்கள் மொட்டையாக இருந்தன. பேருந்துக்கென்று வந்த புது டயர்கள் மாவட்டத் தலைவரின் காரில் உருண்டுகொண்டிருந்தது எங்கள் ஊரான கோக்-தாலாவில் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை வந்த பத்திரிகைக்கு மட்டும் தெரியவில்லை. "சாராயம் பிடித்த ஸ்டியரிங்" என்று தலைப்பு. உள்ளே மெதெரே பேசுவதுபோல் ஒரு வரி: "குளிர் தாங்கவில்லை, கொஞ்சம் குடித்தேன், ஒத்துக்கொள்கிறேன்."

மெதெருக்கு வயிற்றுப் புண். கல்யாண வீட்டில்கூடத் தேநீர்க் கிண்ணத்தைத்தான் தூக்கிக் காட்டுவார். ரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று போலீஸ் விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. பரிசோதனைச் சீட்டை யார் படிக்கப்போகிறார்கள், பத்திரிகையைத்தானே படிக்கிறார்கள். அவர் ஓர்மோனிடம் போய்த் திருத்தம் போடச் சொன்னார். "அடுத்த வாரம் போட்டுடலாம் மெதெர், தேநீர் குடிச்சுட்டுப் போ" என்றாராம் ஓர்மோன். பனி உருகும்வரை மெதெர் வியாழக்கிழமைதோறும் பத்திரிகை வாங்கிக்கொண்டு வந்து, படிக்கட்டிலேயே நின்று பிரித்துப் பார்த்துவிட்டு மேலே போவார். அந்தக் காகிதச் சத்தம் என் கதவுக்குள் கேட்கும். பிறகு சுர்குத்தில் ஒரு கிடங்கில் வேலை என்று ரஷ்யாவுக்குப் போய்விட்டார். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கும் வரவில்லை. "நான் சொல்லாததை நான் சொன்னதா நினைக்கிற ஊர்ல எந்த வாயை வெச்சுக்கிட்டுப் பேசறது?" என்று மனைவி குமுஷிடம் போனில் சொன்னாராம். அந்த ஆண்டுதான் சிர்கா, தான் பத்திரிகைப் படிப்புப் படிக்கப்போவதாக வீட்டில் அறிவித்தாள்.

தலைநகர் பிஷ்கெக்கில் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் மாணவர்களைக் கோடைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். கடைசியில் ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டு வீண். மற்றவர்கள் தொலைக்காட்சிக்கு அலைந்தார்கள். இவள் சொந்த ஊர்ப் பத்திரிகையைக் கேட்டு வாங்கினாள்.

முதல் நாள் மாலை படிக்கட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கண்டுபிடிச்சுட்டாரா உன்னை?"

"உடனே. 'மெதெரோட பொண்ணா நீ? நல்ல டிரைவர். பாவம், குடி'ன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமா பைகேன்னு சொன்னேன்." தோலைத் துப்பினாள். "நிஜமாவே வருத்தப்பட்டுச் சொன்னாரு. தான் எழுதினதை அவரே நம்பிட்டாரு. அதான் எனக்குத் தாங்கல. பொய் சொல்றவன்னா அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தலாவது இருக்கும். இவர் நல்லாத் தூங்கறாரு."

"ஆறு வாரம். சத்தமில்லாம முடிச்சுட்டு வந்துடு."

"சத்தமில்லாமத்தான்."

அவளுக்குக் கொடுத்த வேலை கட்டங்கள். பூப்போட்ட கட்டத்தில் வாழ்த்து, கறுப்புக் கட்டத்தில் இரங்கல். தீயணைப்பு நிலையம் தன் கணக்காளருக்கு வாழ்த்துச் சொல்லும், நீர்த்துறை தன் பழைய மேலாளரின் மாமியாருக்கு இரங்கல் சொல்லும். செய்தியைவிட இந்தக் கட்டங்களைத்தான் ஊர் முதலில் திருப்பும். ஒரு பெயர் விட்டுப்போனால் சம்பந்தி வீடுகள் முறைத்துக்கொள்ளும். சிர்கா ஒரு பெயரையும் விடவில்லை. "இந்தப் பொண்ணு தங்கம்" என்று ஓர்மோன் சந்தையிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தார். மருமகள் வதந்தி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.

செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டுவது ரைகான் எஜே. கணினிக்கு முன்னால் காலைமுதல் உட்கார்ந்திருக்கிற ஒல்லியான பெண், ஜன்னல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு புகைபிடிப்பார், எல்லாரையும் திட்டுவார். சிர்காவை மட்டும் திட்டவில்லை.

ஜூலையில் ஓர்மோனுக்கு அறுபது. இங்கே அறுபது என்றால் சும்மா இல்லை. பத்திரிகையில் அவருக்கென்று முழுப்பக்கம் வரும். படம், வாழ்க்கை, சுற்றிலும் அவரை அறிந்தவர்களின் வாழ்த்து. விருந்தில் மைக் பிடித்து ஒவ்வொருவராகப் பேச அழைக்கிற தமாதா அந்த வாழ்த்துகளை மேடையில் சத்தமாகப் படிப்பார். பிறந்தநாள்காரர் தன் பக்கத்தை அச்சுக்கு முன் பார்க்கக் கூடாது என்பது அலுவலக வழக்கம். அதை உண்டாக்கியவரே ஓர்மோன்தான். முன்பு ஒரு கால்நடை அதிகாரி தன் பக்கத்தில் தானே உட்கார்ந்து பட்டங்களைச் சேர்த்தாராம். "தன் புகழுக்குத் தானே புரூஃப் பார்க்கிறவன் ஆம்பளையா?" என்று அன்றைக்குச் சொன்ன ஓர்மோனால் இன்று எட்டிப் பார்க்க முடியாது. துணையாசிரியர் புல் அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்தார்.

"சிர்கா, நீயே எழுதும்மா. உன் கைதான் ராசி" என்றார் ஓர்மோன். "என்னைத் தெரிஞ்ச எல்லார்கிட்டயும் ரெண்டு வரி வாங்கு. யாரையும் விட்டுடாதே."

"யாரையும் விடமாட்டேன் பைகே" என்றாளாம்.

விடவில்லை. பள்ளி, மருத்துவமனை, நீர்த்துறை எல்லாம் வாங்கினாள். பிறகு பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டி, ஓர்மோன் எழுதிக் கெடுத்தவர்களின் வீடுகளைத் தேடிப்போனாள். வைக்கோல் திருடன் என்று பெயர் வாங்கிய சாதிர். பணியில் தூங்கினாள் என்று பெயர் வாங்கிய செவிலி உம்சுனாய். அறுபது வயதுக்காரனுக்கு ஒரு வாழ்த்துக் கேட்டு வந்த பெண்ணை இங்கே யாரும் வாசலோடு அனுப்பமாட்டார்கள், எதிரியாக இருந்தாலும். கும்மிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்து உட்காரவைத்தார்கள். "மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க, சொன்னபடியே போடறேன்" என்றாள். ஒவ்வொருவர் பேசியதையும் போனில் பதிவு செய்துகொண்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்.

விருந்துக்கு முந்தின நாள் மாலை அவளே என் கதவைத் தட்டினாள். கையில் அச்சு மை ஈரம் காயாத பத்திரிகை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பாகிட்டக் கேட்டேன். 'அந்த ஆளுக்கு நான் வாழ்த்துச் சொல்லணுமா? விட்டுடும்மா, நீயாவது படிப்பை முடி'ன்னாரு. வாழ்த்து இல்லப்பா, நடந்ததைச் சொல்லுங்க போதும்னேன். 'நான் சொன்னா மட்டும் நான் சொன்னதாவா போடுவாங்க'ன்னு வெச்சுட்டாரு. அப்புறம் எடுக்கவே இல்ல."

"சரி, விட்டுட வேண்டியதுதானே."

அவள் பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் போட்டாள். நடுவில் பதக்கங்களோடு ஓர்மோன். கீழே வலது ஓரத்தில், சின்னப் பூக்கட்டத்துக்குள் இப்படி இருந்தது:

"ஓர்மோன், அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. நீங்கள் என்னைக் கேட்கவும் இல்லை. உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், மறக்காமல் இருக்க. மெதெர், ஓட்டுநர்."

"இது அவர் சொன்னதா?"

"வீட்ல தினமும் சொன்னதுதான்."

"அச்சுல போடச் சொன்னாரா?"

அவள் பக்கத்தின் மடிப்பை நீவினாள். வேற்று நாட்டில் பத்திரிகை, மேடை, மாவட்டத் தலைவர் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள். போதாததற்கு விருந்தில் தலைமை மேஜையில் எனக்கு இடம் போட்டிருந்தார் ஓர்மோன். வெளிநாட்டான் ஒருவன் உட்கார்ந்திருந்தால் படத்துக்கு நன்றாயிருக்கும் என்று.

"சிர்கா, மத்த ரெண்டு பேரோடது போதும். இதை எடுத்துடு. உன் அப்பாவுக்கு அவர் செஞ்சதும் இதேதான்."

"இதேதான் இல்ல. அவர் போட்டது பொய். நான் போட்டது நிஜம்."

"அப்பா வாயில வெச்சது நீங்க ரெண்டு பேரும்தான்."

முகம் ஒரு கணம் சிவந்தது. "ரைகான் எஜேவும் கேட்டாங்க. 'எல்லாம் அவங்கவங்க சொன்னதுதானா'ன்னு. ஆமான்னேன். சிகரெட்டை அணைச்சுட்டு அச்சுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. 'இருபது வருஷமா இவர் பக்கத்தைக் கட்டறேன், இதான் நான் கட்டின முதல் நல்ல பக்கம்'னாங்க." பத்திரிகையை மடித்தாள். "அச்சாயிடுச்சு பைகே. இனிமே என்ன எடுக்கறது? நாளைக்கு விருந்துலதான் கட்டைப் பிரிப்பாங்க. ஊர் முன்னாடி தமாதா வாயால எங்கப்பா பேர் ஒரு தடவை சுத்தமா வரணும். அப்புறம் முத்திரை கிடைக்காட்டியும் பரவாயில்ல."

மறுநாள் மதியம் விருந்துக் கூடத்தில் ஊரே இருந்தது. ஓர்மோனுக்கு வெள்ளைக் கல்பாக் தொப்பி வைத்து, தங்க ஜரிகை போட்ட அங்கியைத் தோளில் போர்த்தினார் மாவட்டத் தலைவர். விருந்தின் மரியாதைப் பங்கான ஆட்டுத்தலை ஓர்மோன் முன்னால் வந்தது. காதை அறுத்துப் பேரனுக்குக் கொடுத்தார். நான் என் இறைச்சியைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாசல் பக்கத்து மேஜையில் ரைகான், குமுஷ், நடுவில் சிர்கா. குமுஷுக்கு ஒன்றும் தெரியாது. மகள் எழுதிய பக்கத்தைப் படிக்கப்போகிறார்கள் என்று புதுத் தலைத்துண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தமாதா கனத்த குரல்காரர். பத்திரிகையை உயர்த்திக் காட்டிப் படிக்க ஆரம்பித்தார். நீர்த்துறை வாழ்த்தியது. பள்ளி வாழ்த்தியது. எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவதையும் அதே கனத்த குரலில் எடுத்தார்:

"'மதிப்புக்குரிய ஓர்மோன், நீங்கள் எழுதின வைக்கோல் திருடன் நான்தான். அந்த வைக்கோல் உங்கள் தம்பி கொட்டகையில் இருந்ததை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் மாடுகள் நலமா? சாதிர்.'"

சிலர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். தமாதாவும் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போனார். அந்த ஆளுக்கு வாயும் கண்ணும்தான் வேலை செய்யும், இடையில் ஒன்றும் இல்லை.

"'நான் பணியில் தூங்கினேன் என்று எழுதினீர்கள். அன்றைக்கு நான் பக்கத்து அறையில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தேன். அவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. உங்களுக்கு வணக்கம் சொல்கிறான். உம்சுனாய், செவிலி.'"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தமாதா தடுமாறி நிமிர்ந்தார். "படிப்பா, நிறுத்தாதே" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். அறுபதாம் ஆண்டு வாழ்த்தைப் பாதியில் நிறுத்துவது ஆயுளைப் பாதியில் நிறுத்துவதுபோல். தமாதா வியர்த்துக்கொண்டே மெதெரின் கட்டத்தைப் படித்தார். ஓட்டுநர் என்ற கடைசிச் சொல் வந்தபோது குமுஷ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓர்மோன் எழுந்தார். அங்கி ஒரு தோளிலிருந்து சரிந்தது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"சிர்கா, இங்க வாம்மா."

வந்தாள்.

"இந்தப் பக்கத்துல இருக்கிறதை இவங்க சொன்னாங்களா, நீ எழுதினியா?"

"சொன்னாங்க." போனை மைக்கில் வைத்தாள். சாதிரின் கரகரத்த குரல் கூடம் முழுக்க வைக்கோலைப் பற்றிப் பேசியது. அடுத்து உம்சுனாய். பின்னணியில் ஒரு பையன் "யாரும்மா?" என்று கேட்பதுகூடக் கேட்டது. மாவட்டத் தலைவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர்மோன் தலையாட்டினார். நாற்பது ஆண்டு பத்திரிகைக்காரர் அவர். எந்த வரி ஒருவர் வாயிலிருந்து வந்தது, எது மேஜையில் உட்கார்ந்து எழுதியது என்று அவருக்குத் தெரியும். தெரியாமலா இருக்கும்.

"மெதெர் குரலைப் போடு."

சிர்கா போனைப் பார்த்தாள்.

"இல்லையா?" அவர் குரலில் லேசாகச் சிரிப்பு வந்தது. "ரெண்டு நிஜத்துக்கு நடுவுல ஒண்ணை நுழைச்சிட்டியா மகளே? எல்லாரும் கேட்டுக்கோங்க. இது மெதெர் சொன்னது இல்ல, இவ எழுதினது. அப்போ அந்த ரெண்டை மட்டும் எப்படி நம்பறது? எங்கேயோ பிடிச்சு என்னத்தையோ பேசவெச்சிருக்கா."

கூடத்தில் முணுமுணுப்புத் திரும்பியது. யாரோ "அதானே" என்றார்கள். சாதிர் மேஜையிலிருந்து எழப் பார்த்தார், மனைவி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒரு நிமிடத்துக்கு முன் சுத்தமாக ஒலித்த பெயர் மறுபடி அழுக்காவதை நான் என் காதால் கேட்டேன்.

"கேட்டுடுவோம். தப்பில்லையே" என்று ஓர்மோன் தன் போனை எடுத்தார், மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பெயர்களைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட அவன் நம்பர் இல்லையே" என்றார்.

"இருக்காது பைகே" என்றாள் சிர்கா, மைக்குக்கு வெகு அருகில். "எங்கப்பா உங்ககிட்டச் சொன்னதா நீங்க எழுதினீங்க. ஆனா ஒரு தடவைகூட நீங்க அவருக்குப் போன் பண்ணினதில்ல."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர்மோனின் மூத்த மருமகள் கெட்டிலைத் தூக்கியபடி நின்றாள். ஓர்மோனின் காது மடல் சிவந்து அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியதை நான் தலைமை மேஜையிலிருந்து பார்த்தேன். சிர்காவும் பார்த்தாள். இதற்காகத்தான் ஐந்து ஆண்டு காத்திருந்தாள் என்று தோன்றியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"நானே பண்றேன்" என்றாள்.

"வேண்டாம்மா" என்று வாசல் பக்கத்திலிருந்து குமுஷ் சொன்னாள், மெதுவாக.

சிர்கா ஸ்பீக்கரைப் போட்டு, போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள். "பண்ணு" என்றார் ஓர்மோன். உட்காரவில்லை. அங்கியை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தார். மெதெர் எடுத்து "நான் சொல்லலை" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். "சொன்னேன்" என்றால் என்ன ஆகும் என்றும் தெரியும். மெதெர் தன் வாயால் இந்த ஊரோடு பேசி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. மகள் கேட்டும் பேசாதவர்.

அழைப்பு போனது. சுர்குத்தில் ஒரு போன் மணி அடிக்க, அது கோக்-தாலா விருந்துக் கூடத்தின் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

"ஷிஃப்ட்ல இருப்பான்" என்றார் யாரோ.

"எடுப்பாரு" என்றாள் சிர்கா. ஓர்மோனைப் பார்த்துத்தான் சொன்னாள். மணி அடித்தது. குமுஷ் முகத்தைத் தலைத்துண்டின் நுனியால் மூடிக்கொண்டாள். மறுபடி அடித்தது. ஒருவரும் தட்டைத் தொடவில்லை, ஒருவரும் எழுந்து போகவில்லை, மணி அடித்துக்கொண்டே இருந்தது.